எட்டு மணிக்காரர்

எட்டு மணிக்காரர் என்றால் பேப்பர் படிக்கிறவர்களுக்கும் தெரியும், பேப்பரில் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கும் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் வருவதைப் பார்க்க வேண்டும், ஒன்பதரைக்குள் எழுதி அனுப்ப வேண்டும், மறுநாள் காலை ஐந்தாம் பக்கத்தில் அதை அடித்துத் துவைத்துக் காயப்போட வேண்டும். அதுதான் அவர் வேலை. பத்தியின் தலைப்பு 'எட்டு மணி'. நாளடைவில் தலைப்பே ஆளோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய பத்தி வந்து சேரும்வரை ஐந்தாம் பக்கத்தை அச்சுக்கு ஏற்ற மாட்டார்கள். மற்ற பக்கங்களெல்லாம் ஓடி முடிந்த பிறகும் அச்சுக்கூடத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "மாப்பிள்ளை வந்தாத்தான் கல்யாணம்" என்று முணுமுணுப்பார்கள்.

ஒரு தொடரைப் பற்றி இப்படி எழுதினார்: "கதாநாயகி மூன்று வாரமாக அழுகிறாள். சுவரில் இருக்கிற கடிகாரம் அன்றிலிருந்து நாலேகாலிலேயே நிற்கிறது. அவள் கண்ணீரைத் துடைக்க ஆள் இல்லாவிட்டால் போகட்டும், கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிப் போடவுமா ஆள் இல்லை?" அதன்பிறகு படப்பிடிப்பு வீடுகளில் கடிகாரம் மாட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

கைசுத்தம் என்றால் அவரைத்தான் காட்டுவார்கள். தயாரிப்பாளர் ஒருவர் அனுப்பிய பரிசுக் கூடையைச் சுமந்துவந்த ஆளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வியர்வை அடங்கும்வரை உட்காரவைத்து, கூடையைத் தானே தூக்கி அவன் தலையில் மறுபடி ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த நல்ல பெயரைத் தவிர அவர் சேர்த்துவைத்தது என்று சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு பேர் வாங்கிய மனிதருக்கு ஒரு குறை. காது கேட்காது. சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போனால் எப்படியோ அப்படித்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் அவர் ஊர் சுற்றும் நிருபர். வெள்ளம், தீ, தேர்தல் கூட்டம், எங்கே எது நடந்தாலும் ஓடுவார். கிடைத்த தபால் நிலையத்தில் நுழைந்து, அலுவலகத்துக்கு டிரங்கால் என்கிற வெளியூர்ப் போன் போட்டு, எழுதிய செய்தியை வாய்விட்டு வாசிப்பார். அந்த டிரங்காலை இணைத்துக் கொடுத்த ஆபரேட்டர்தான் பின்னால் அவர் மனைவி. "மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, இன்னும் வேணுமா சார்?" என்று அந்தக் குரல் கேட்கும். வேண்டும் என்பார். செய்தி முடிந்த பிறகும் வேண்டும் என்பார். அலுவலகத்தில் டெலிபோன் பில்லைப் பார்த்தவர்கள்தான் அந்தக் காதலை முதலில் கண்டுபிடித்தார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் காதலித்த ஆள் அவர். பிற்பாடு அந்தக் குரலே அவருக்கு இல்லாமல் போகும் என்று யார் கண்டார்கள்?

நாற்பது தாண்டியதும் முதலில் இடது காது அடைத்தது, பிறகு வலது. நரம்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் கேட்பது குறையுமே தவிர ஏறாது என்று டாக்டர் சொல்லி, காது மிஷின் மாட்டச் சொன்னார். மிஷினோடு அலுவலகம் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கண் மங்கிய பிழைதிருத்துபவர் ஒருவரை நாலு வார்த்தை புகழ்ந்து பேசி, "இனி ஓய்வெடுங்க" என்று வீட்டுக்கு அனுப்பியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பழைய பேப்பரைக் கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மிஷின் அலமாரிக்குப் போனது. பேட்டி எடுக்கிற வேலை இனி ஆகாது என்று புரிந்ததும், டிவிப் பக்கத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது அது தண்ணியில்லாத காடு. "இவருக்கு என்ன பைத்தியமா?" என்றார்கள்.

காட்டை அவர் தோட்டமாக்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகிக்கொண்டார். நம் தொடர்கள் அதற்கென்றே எடுத்த மாதிரி இருந்தன. ஒருத்தி "ஐயோ" என்றால் அவள் முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். உதட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க அதைவிட வசதி உண்டா? வேற்றுமொழியில் எடுத்துக் குரல் மாற்றிய தொடர்களில் உதடு ஒன்று பேசும், வசனம் வேறு ஒன்று பேசும். அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனவே அவற்றைத் தொடவே மாட்டேன் என்றார். வாசகர்கள் அதை மொழிப்பற்று என்று கொண்டாடினார்கள். போனில் பேச மாட்டார். "எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க, வாய்ப்பேச்சு காத்தோட போயிடும்" என்பார். அதை இளம் நிருபர்கள் பத்திரிகை தர்மம் என்று நினைத்து மேஜையில் எழுதி ஒட்டிவைத்தார்கள். சத்தத்தைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று, வாரம் ஒருமுறையாவது "பின்னணி இசை வழக்கம்போல வசனத்தை அமுக்கியது" என்று ஒரு வரி போடுவார். அது எந்தத் தொடருக்கும் பொருந்தும். யாரும் மறுத்ததில்லை.

'மறுபடி சொல்லுங்க' என்று மட்டும் அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும். புரியாத இடத்தில் தலையாட்டுவார். சிரிக்கிற மாதிரி இருந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

மனைவிக்குத் தெரியாதா? காதை வைத்தே சம்பளம் வாங்கியவள் அவள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பேச்சை அவர் வீட்டுக்குள் விடவில்லை. ஒரு தடவை அவள் ஆரம்பித்தபோது இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு அவள் விட்டுவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு சோபாவில் அவருக்கு வலதுபக்கம் உட்காருவாள். டிவி ஓடும்போது அவள் எதையாவது சொன்னால், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "ம், நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்பார். திரையில் எப்போதும் ஒரு பெண் நடித்துக்கொண்டிருப்பாள், எனவே அந்தப் பதில் எதற்கும் ஒத்துப்போகும்.

முன்பு மரமேஜை மேல் பெட்டி டிவி இருந்தது. மேஜையில் உள்ளங்கையை வைத்தால் சத்தத்தின் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு அவருக்கு ஒரு காவல். போன வருஷம் மகன் ஆசையாகத் தட்டை டிவி ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனான். சுவர் அதிரவில்லை. 'என் பெட்டியைத் திருப்பிக் கொடு' என்று எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பார்?

விதி வந்தது ஒரு மருமகளின் வாய் வழியாக. அந்தத் தொடரில் ஒரு வருஷமாக அவள் வாயே திறக்கவில்லை. மாமியார் பழி போட்டாள், பேசவில்லை. புருஷன் வீட்டைவிட்டுப் போகச் சொன்னான், பேசவில்லை. கடைசியில் வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவள் பேசப்போகிறாள் என்று சேனல் வாரக்கணக்கில் தம்பட்டம் அடித்தது. எட்டு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை.

மருமகள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். முகம் திரையை நிறைத்தது. உதடு பிரிந்தது. எட்டு மணிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இந்த வீட்ல யாராவது என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? கேட்காத கேள்விக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?" ஒரு அட்சரம் விடாமல் படித்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் மனைவி ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. "ம், நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்றார். தொடர் முடிந்த நொடியில் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தாமலே எழுத உட்கார்ந்தார்.

அன்றைக்கு எழுத்து அருவியாகக் கொட்டியது. வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டார். "ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த அந்தக் குரலில் துருவேறியிருந்தது. அந்தக் கரகரப்புக்காகவே அந்த நடிகைக்கு விருது கொடுக்கலாம்" என்று எழுதினார். முடிக்கும்போது பழக்கதோஷம், "பின்னணி இசை வழக்கம்போல வசனத்தை அமுக்கியது" என்று ஒரு வரி. ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டார். அலுவலகத்தில் படித்தவர்கள் அப்படியே பக்கத்தில் ஏற்றினார்கள். செய்தி அறையில் நாலு சுவரிலும் டிவி உண்டு, ஆனால் அங்கே எதிலும் சத்தம் வைப்பதில்லை. வைத்தால் வேலை நடக்காது. எனவே அன்று எட்டு மணிக்கு என்ன ஆயிற்று என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காலையில் டீக்கடையில் நாலு பேர் ஒரே பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருத்தர் எழுந்து இடம் விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பத்தி நன்றாக அமைந்துவிட்டது, அதனால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்துத் தலையாட்டினார். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

"எங்க வீட்டு டிவி எல்லாம் ஊமையாயிடுச்சு, உங்க வீட்டு டிவி மட்டும் எப்படி சார் பேசுச்சு?"

அவர் உதட்டைப் படித்தார். படித்ததை நம்பவில்லை.

"அந்தப் பொண்ணு வாயைத் திறந்ததும் சத்தம் கட்டாயிடுச்சே சார். கடைசி வரைக்கும் வரவேயில்லை. நாங்க டிவியைத் தட்டாத தட்டு இல்லை. எட்டரைக்குச் சேனல்காரன் மன்னிப்பு கேட்டான், இன்னைக்கு மறுபடி போடுறேன்னு. நீங்க என்னடான்னா குரல்ல துரு ஏறியிருந்துச்சுங்கறீங்க, மியூசிக் அதிகம்கறீங்க!"

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. கையில் இருந்த டீ சூடாக விரலில் வழிந்தது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை. யாரோ முதுகுக்குப் பின்னால் எதையோ சொல்ல, மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இனி வாழ்நாள் முழுக்கத் தெரியப்போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் வரவேற்பு மேஜைப் பெண் ஒரு ரிசீவரைக் காதிலும் இன்னொன்றைக் கழுத்திடுக்கிலும் வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆசிரியர் அவரைவிட வயதில் சின்னவர், நல்ல மாதிரி. மழுங்கச் சிரைத்த முகம், நிறுத்திப் பேசுகிற உதடு. அந்த உதட்டை எட்டு மணிக்காரர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"சார், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். நேத்து நீங்க அதைப் பார்த்தீங்களா, இல்லையா? பார்த்திருந்தா சத்தம் போனது தெரிஞ்சிருக்கும். பார்க்கலைன்னா அந்த வசனம் எப்படித் தெரியும்? சேனல்ல விசாரிச்சேன். நீங்க எழுதினது அட்சரம் பிசகாம சரிதான்கறாங்க. உங்களுக்கு அதை யாரு கொடுத்தா?"

இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று செவிடன். இன்னொன்று திருடன். பழைய பேப்பரைக் கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அவர் கண்முன் வந்து நின்றார். திருடனைத் திட்டுவார்கள், முறைப்பார்கள். செவிடனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பார்கள். திட்டைத் தாங்கலாம் என்று அந்த வீம்பு பிடித்த மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டது.

"சேனல்ல ஒருத்தர் வசனத்தை முன்னாடியே அனுப்பியிருந்தார். நான் பார்க்காமத்தான் எழுதினேன்."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சும்மாவா அனுப்புனாங்க?"

"கை நீட்டினேன்னு வச்சுக்குங்க."

"நீங்களா? சார், உங்களுக்குக் காது கேட்காதுன்னு சொல்லுங்க. சந்தோஷமா வெளியே போய் அதைச் சொல்றேன். இதை மட்டும் சொல்லாதீங்க."

தப்பிக்க ஒரு கதவு திறந்துதான் இருந்தது. சும்மா சொன்னாரோ, தெரிந்துதான் சொன்னாரோ, உள்ளே வா என்று ஆசிரியரே கூப்பிட்டுவிட்டார். ஆனால் எட்டு மணிக்காரர், "என் காதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு" என்றார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இதைவிடத் திருத்தமாகச் செய்ய முடியாது.

'எட்டு மணி' இனி வராது என்றும், பார்க்காமல் எழுதியதற்கு வாசகர்களிடம் பத்திரிகை வருந்துகிறது என்றும் நாளை ஐந்தாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுவதாக ஆசிரியர் சொன்னார். எட்டு மணிக்காரர் தலையாட்டினார். பிறகு பகல் முழுக்கப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் எல்லாரும் யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தார். எட்டு மணி ஆகியிருந்தது. சுவரில் அதே மருமகள் அதே கூடத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். மனைவி எழுந்து டிவியை அணைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி எதிரே உட்கார்ந்ததில்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.

"கை நீட்டினேன்னா சொன்னீங்க? கூடையைத் தூக்கித் தலையில வச்சு அனுப்பினவர், நீங்களா?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே? சத்தம் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன்."

"எப்போ?"

"அவ வாயைத் திறந்ததுமே சொன்னேன். 'ஏங்க, சத்தமே வரலைங்க'ன்னேன். 'ம், நல்லாத்தான் பண்ணியிருக்கா'ன்னீங்க."

அவர் அணைந்து கிடந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவாவது டிவி பேச்சு. எங்க அக்கா போயிட்டான்னு அன்னைக்குப் போன் வந்துச்சே, போனை வச்சுட்டு இதே இடத்துல வந்து உக்காந்து சொன்னேன். அக்கா போயிட்டாங்கன்னு. அதுக்கும் அதைத்தான் சொன்னீங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கான்னு."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. விளம்பர இடைவேளையில் திரும்பிப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். தொடரைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் கேலிகூடச் செய்தார். அப்புறம்தான் பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்து விஷயம் தெரிந்தது. தனக்கு அவள் சொல்லவில்லை என்று அன்றைக்கு அவர் வருத்தப்பட்டார். கோபித்துக்கொண்டார்!

"நான் எழுத உக்காந்தப்பவாவது உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் போய்விட்டது, கெஞ்சல்தான் மிச்சம்.

"கதவு வரைக்கும் வந்தேங்க. நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுதிட்டு இருந்தீங்க. அந்தப் பொண்ணு பேசினது அத்தனையும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு. நான் பேசினது ஒண்ணுகூடச் சேரலை. ஒரு நாள் இவருக்கு உறைக்கட்டும்னு திரும்பிட்டேன். வேலையே போகும்னு நான் நினைக்கலை. சத்தியமா..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது. பொத்திய கைக்குள்ளே அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையை எடு" என்றார் அவர். "கையை எடும்மா. நீ பேசறது எனக்குத் தெரியலை."

அவள் கையை எடுத்தாள். அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் போனை எடுத்து, ஆசிரியரின் எண்ணை அழுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்று அவர் கையில் போனைத் திணித்தாள். "திருட்டுப் பட்டத்தோட உங்களை நான் பார்க்க மாட்டேன்."

போன் அவர் காதில் வெறும் மரக்கட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் மணி அடிக்கிறதா, எடுத்துவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. அவள் தன் தலையை அவர் தலையோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நொடியில், அந்தக் காலத்து ஆபரேட்டராகவே, கையை உயர்த்திக் காட்டினாள். லைன் கிடைத்துவிட்டது, பேசு.

"சார், நான் எட்டு மணி பேசறேன். நான் பார்த்தேன் சார். பார்த்துத்தான் எழுதினேன். யார்கிட்டயும் நான் எதுவும் வாங்கலை. எனக்குக் காது கேட்காது. பல வருஷமா கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் சார் பிழைச்சேன்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மூடி மறைத்ததெல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஜன்னலைச் சாத்தவில்லை.

போனை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் கேட்டாள். "சரிங்க" என்றாள். மறுபடி நீளமாகக் கேட்டாள். போனை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

அவள் அவருக்கு நேராக நின்றாள். உதடு நடுங்கியதால் வார்த்தைகள் குழைந்தன.

"அவரும் அழறார்ங்க. காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்கறார். உங்க பத்திக்காகக் காத்திருக்க வேண்டியது இல்லையேன்னு, இன்னைக்கு அந்தக் கட்டத்தோட அஞ்சாம் பக்கத்தை முதல்லயே ஓட்டிட்டாங்களாம்."

அவர் தலையாட்டவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு தலைகள் தெரிந்தன.

"புரியலை" என்றார். "மறுபடி சொல்லு."

அவள் மறுபடி சொன்னாள்.